அமானிதமாகக் கொடுத்த வினாத்தாள்

நிரந்தர நியமனம் கையில் கிடைத்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. அதுவரை புத்தளத்துக்கு வெளியே, எங்கள் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில் இருந்த சிறிய பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்து வந்தேன். அங்கே எந்தப் பொருளும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. வெண்கட்டிப் பெட்டி ஒன்று வந்தால் அது எல்லா வகுப்புக்கும் சுற்றி வரும். ஒருவர் கீறிய படத்தை மற்றவர் கேட்காமலே எடுத்துப் போய்த் தன் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். இதை நல்ல மனது என்று சொல்ல மாட்டேன். வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் மன்னாரில் எங்கள் பழைய வளவைத் துப்புரவாக்கி ஓர் அறையாவது கட்டிவிட வேண்டும் என்று அங்கே போய்த் தங்கியிருந்தார். இடைக்கிடை வந்து போவார். என்னை நியமித்த பாடசாலை கற்பிட்டிப் பக்கம், உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் நிலத்தில் இருந்தது. மீன்பிடிக் குடும்பங்கள் அதிகமுள்ள ஊர். நானும் மகளும் பாடசாலைக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். அவளையும் அதே பாடசாலையில் ஐந்தாம் தரத்தில் சேர்த்தேன்.

ஐந்தாம் தரம் என்றால், பெரிய பாடசாலைகளில் இடம் தேடித்தரும் புலமைப்பரிசில் பரீட்சை. இந்த நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் முழுக் குடும்பமும் ஏறி உட்காரும் வருடம் அது.

ஐந்தாம் தரத்தில் இரண்டு பிரிவுகள். ஏ பிரிவு அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மூத்த ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. பீ பிரிவு எனக்குத் தரப்பட்டது. சொந்தப் பிள்ளையை உங்கள் வகுப்பில் வைத்திருக்க வேண்டாம் என்று அதிபர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மகள் மூத்த ஆசிரியையின் வகுப்புக்குப் போனாள்.

மூத்த ஆசிரியையின் வகுப்பறையை முதன்முதல் பார்த்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். நான்கு சுவர்களிலும் படங்கள். நீர் ஆவியாகி மழையாகும் படம், களப்பில் வாழும் மீன்கள், பின்னங்களை விளக்கும் வெட்டிய வட்டங்கள், எல்லாம் அவர் கையாலேயே கீறியவை. பாடசாலை விட்டதும் அத்தனையையும் கழற்றிச் சுருட்டி, பழைய சாரத் துணியொன்றில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போவார். காலையில் மணி அடிப்பதற்கு முன்பே வந்து திரும்ப மாட்டுவார். ஆசிரியர் அறையில் அதை ஒரு பகிடியாக்கி வைத்திருந்தார்கள்.

"டீச்சர் இப்ப சுவரைக் கழட்டிட்டு வீட்ட போறா" என்பார்கள். அவருக்கும் அது கேட்கும். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

படங்களைவிட அவருடைய மாதிரி வினாத்தாள்கள்தான் பேர் போனவை. கிழமைக்கு ஒன்று, பரீட்சை நெருங்கினால் மூன்று நான்கு, அவரே தயாரித்து ரோனியோ இயந்திரத்தில் அடித்துத் தன் வகுப்புக்குக் கொடுப்பார். காசுக்கு வெளியில் வகுப்பு எடுப்பவர் அல்ல. அதனாலேயே பகிடிக்கு மேல் அவரைக் குறை சொல்ல யாரும் வாய் திறப்பதில்லை. கடையில் விற்கும் வினாத்தாள் புத்தகம் என்னிடமும் இருந்தது. ஆனால் பாடத்திட்டம் மாறியிருந்தது. அவருடைய தாள்களோ எளிதில் தொடங்கிப் பிள்ளையைப் படிப்படியாக மேலே கொண்டு போகும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

முதல் மாதமே போய்க் கேட்டேன்.

"டீச்சர், போன கிழமை குடுத்த பேப்பர்ல ஒண்டு தந்தா, அதைப் பாத்து எங்கட புள்ளைகளுக்கும் செய்வன்."

அவர் கொப்பி திருத்துவதை நிறுத்தவில்லை. "ஆசிரியர் வழிகாட்டி தந்திருக்காங்க தானே. எல்லாம் அதில இரிக்கி, டீச்சர்."

"அது பாத்தன். பேப்பர் அமைப்பு எப்பிடி வாறது என்டுதான்..."

"செய்யச் செய்ய விளங்கும்."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தேத்தண்ணி வந்தபோது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி, சீனி போதுமா என்று கேட்டுத்தான் தந்தார். கேட்டதை மட்டும் தரவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டேன். அதே பதில், அதே தேத்தண்ணி.

அதிபரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். சண்டை வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் வகை. "மூத்தவ, டீச்சர். நான் எப்பிடிச் சொல்ற?" என்று தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கட வீட்டுக்குள்ளயே ஏ கிளாஸ் இரிக்கி. புள்ளைட பேக்ல பேப்பர் இரிக்கி. பிறகு என்ன கவலை?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த யோசனை எனக்கு முன்பே வந்திருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே வினாத்தாள் செய்தேன். தொண்டர் பாடசாலையில் பழகிய முறை. கையால் எழுதி, ரோனியோ அடித்து, ஒற்றைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். எங்களுக்குக் கிடைக்கும் மலிந்த தாளில் மை மறுபக்கம் ஊறிவிடும் என்பதால் பின்பக்கத்தை எப்போதும் வெறுமையாகவே விடுவோம். பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்கள் தாளை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார்கள். ஒரு தாய் கருவாடு காயவைக்கும் வேலையை விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "என்ட மகன் பாஸ் பண்ணிருவானா டீச்சர்?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிய நேரம் வலயக் கல்விப் பணிமனை ஒரு முன்னோடிப் பரீட்சை வைத்தது. அச்சடித்த வினாத்தாள், இரண்டு பக்கமும். விடைத்தாள்கள் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றாகப் புரட்டினேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் மறுபக்கத்தைத் தொடவேயில்லை. தெரியாமல் விட்டதல்ல. அவர்கள் தாளைத் திருப்பவே இல்லை. முதல் பக்கத்தைச் செய்து முடித்துவிட்டு, பேனையை மூடி, கையைக் கட்டிக்கொண்டு சந்தோசமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"பின்னாலயும் இரிந்திச்சா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

நான் அவர்களுக்குப் பழக்கியது அதைத்தான். பெரிய பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இந்த ஒன்று எனக்குத் தெரிய வந்துவிட்டது. தெரிய வராமல் இன்னும் எத்தனை இருக்கும்? ஒரு நல்ல தாளை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று இருந்தது.

அன்று பின்னேரம் மகள் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"மகள், டீச்சர் தந்த பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க."

"ஏலா உம்மா."

"ஏன்?"

"அமானிதம் என்டு டீச்சர் சொன்னாங்க. வீட்ட கொண்டு போய்ச் செஞ்சு காலையில அவங்கட கையில குடுக்கோணும். வேற ஆருக்கும் காட்டக் கூடாதாம்."

"நான் உம்மா தானே."

அவள் யோசித்தாள். "ஓம். ஆனா நீங்க பீ கிளாஸ் டீச்சர்."

ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் சொன்ன விதமாகவே காத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் எங்களிடம் அமானிதம். மார்க்கத்தில் அது சிறிய விசயமல்ல. பழைய குடியிருப்பில் பக்கத்து வீட்டார் மன்னாருக்குப் போனபோது தங்கள் கோழிகளை எங்களிடம் விட்டுப் போனார்கள். ஒரு முட்டையைக்கூட எடுக்காமல் சட்டியில் சேர்த்து வைக்கச் சொல்லி அவளுக்குப் பழக்கியது நான்தான். இப்போது அதே பிள்ளையிடம் முட்டையை எடு என்று நிற்கிறேன்.

"எல்லாம் காட்ட வேணாம். எப்பிடிப் பிரிச்சிருக்கு, எத்தினை கேள்வி, அதை மட்டும் வாயால சொல்லுங்க."

"அதுவும் காட்டுறது தானே உம்மா."

விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளின் நிலையைச் சொன்னேன். அவளோடு விளையாடும் பிள்ளைகள்தான் அவர்களும். அவள் கண் கலங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வாயைத் திறக்கவேயில்லை. அவளுடைய புத்தகப் பையை ஒருமுறை பார்த்தேன், அவ்வளவுதான். அவள் அதை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வினாத்தாள் வீட்டில் கண்ணில் படவேயில்லை. மூத்த ஆசிரியை வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். மகள் மெலிந்திருந்தாள். பரீட்சைக் காலம் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் புத்தளத்தில் வலயப் பணிமனையில் ஆசிரியர்களுக்குக் கூட்டம். பாடசாலை விட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நடந்து போய், நான் வரும்வரை அவர்கள் வீட்டில் இருக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். கூட்டம் நீண்டுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றார். "புள்ள உங்களோட இல்லியா தாத்தா?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மூத்த பெண்ணைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்கட புள்ள என்ட மகளுக்கிட்ட, உம்மா வருவாங்க நான் நிக்கிறன் நீ போ என்டு சொன்னாவாம். நான் உங்களோடதான் என்டு நினைச்சன்."

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் போல மன்னாரிலிருந்து எங்களையும் வெளியேற்றியபோது நான் பதின்ம வயதுப் பிள்ளை. கடற்கரையில் படகுக்குக் காத்திருந்த கூட்டத்துக்குள் என் உம்மா எங்கள் பெயர்களை மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை தம்பி பதில் சொல்லவில்லை. நித்திரையாகிவிட்டான், வேறொன்றுமில்லை. ஆனால் உம்மா கூப்பிட்டதற்கும் அவன் முனகியதற்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் எனக்கு அறிவு வேலை செய்யாது. அன்று செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. களப்பு வீதியால் ஓடினேன். காற்று எதிரே அடித்தது, வாய்க்குள் மணல். மீன் வாடிக் குடிசையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று என்ன டீச்சர் என்று கேட்டது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

பாடசாலைக் காவலாளி வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். "எல்லாரும் போயிட்டாங்களே டீச்சர். கிளாஸ் எல்லாம் பூட்டிட்டன்" என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவரும் பின்னால் வந்து கூப்பிடத் தொடங்கினார்.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில் மகள் இருந்தாள். சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வினாத்தாள் பறந்துவிடாமல் நான்கு மூலையிலும் கல் வைத்து, குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். காற்றின் சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன் போலிருக்கிறது. ஆனால் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் முதலில் செய்தது, தாளின் மேல் கையை விரித்து மறைத்ததுதான்.

"ஏன் மகள்?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்ட கொண்டு வந்தா நீங்க கேப்பீங்க. நீங்க கேட்டா நான் ஏலா என்டு சொல்லோணும். உங்களுக்கு ஏலா என்டு சொல்ல எனக்கு விருப்பமில்ல."

மற்ற நாட்களில் இடைவேளை நேரத்தில் செய்திருக்கிறாள். கொண்டு போன சோற்றைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிடும் நேரம் முழுக்க எழுதியிருக்கிறாள். அன்றைய தாள் நீளமானது. நான் கூட்டத்துக்குப் போவது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது. முடித்ததும் ஏ வகுப்பின் ஜன்னல் கம்பிக்குள்ளால் உள்ளே போட்டுவிட்டு, நான் வருவதற்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"இன்னும் எவ்வளவு இரிக்கி?"

"மூண்டு கேள்வி."

"செய்யுங்க."

அவள் செய்து முடிக்கும்வரை அந்த மணலிலேயே இருந்தேன். முகத்தைக் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன், தாள் என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. காவலாளி ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பின்னேரம் மூத்த ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். கூடத்து அலுமாரியின் மேல் அந்தச் சாரச் சுருள் இருந்தது. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தார்.

"பேப்பர் கேட்டு வந்தீங்க என்டா, இதைக் குடிச்சிட்டுப் போங்க டீச்சர்."

"பேப்பர் கேட்டு வரல்ல. என்ட புள்ளைக்கு நீங்க குடுத்த அமானிதத்தைத் திருப்பி எடுங்க என்டு கேக்க வந்தன்."

நடந்ததைச் சொன்னேன். இடைவேளைச் சோறு, தண்ணீர்த் தொட்டி, கல் வைத்த தாள், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கோப்பையைத் தொடவில்லை.

"அப்பிடிச் செய்யச் சொல்லி நான் சொல்லல்ல."

"நானும் சொல்லல்ல டீச்சர்."

வெளியே காற்றில் தென்னோலை அடித்துக்கொண்டிருந்தது. அவர், "நீங்க இங்க வந்த பிறகு எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"பின்னேரப் பள்ளிக்கூடத்தில."

நாங்கள் வந்து இறங்கிய காலத்தில் இந்தக் கரையோரப் பாடசாலைகள் இரண்டு நேரமாக நடந்தன. காலையில் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் போன பிறகு அதே கதிரை மேசையில் நாங்கள்.

"அப்ப நான் புது டீச்சர்" என்றார். "வாப்பாட வாடியில விளக்கை வெச்சிட்டு இருந்து படம் கீறுவன். மிருகங்கள் எல்லாம் கீறி ஒட்டினன். மறு நாள் காலையில வந்து பாத்தா யானைக்குத் தும்பிக்கை இல்ல. அடுத்த நாள் யானையே இல்ல." சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை. "கூரையைக் குடுத்தம், மேசையைக் குடுத்தம். எங்கட ஊர் ஆக்கள் சோறு ஆக்கிக் குடுத்தாங்க. அதைப் பத்திக் கதையில்ல. படத்தை ஏன் கிழிச்சாங்க? அதுக்குப் பிறகுதான் நான் கழட்டத் தொடங்கினன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நான் படிச்ச பள்ளிக்கூடம் வேற. அங்க சுவர்ல ஆணி மட்டும்தான் இரிந்திச்சு டீச்சர். இங்கத்தப் பள்ளிக்கூடங்கள்ல படமே இல்ல என்டு நாங்க நினைச்சம். காலையில இரிக்கி, எங்களுக்குத்தான் இல்ல என்டு தெரியாது."

அவர் அலுமாரிக்கு மேலே பார்த்தார். பிறகு வினாத்தாள் கதைக்கு வந்தார். ஒரு காலத்தில் கொடுத்துத்தான் வந்திருக்கிறார். பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவர் நல்ல பிள்ளை மாதிரிக் கேட்க, பல வருடத் தாள்களை அள்ளிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் புத்தளத்துக் கடையில் அவை புத்தகமாக, அந்த இளைஞரின் பெயரோடு இருந்தன. "பிழையா அடிச்ச கேள்வியைக்கூடத் திருத்தல்ல" என்றார். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது போலிருந்தது.

"பேப்பர் என்ட கையை விட்டுப் போகாது டீச்சர். நீங்க என்ன சொன்னாலும்."

"போக வேணாம்" என்றேன். வரும் வழியெல்லாம் நான் அதைத்தான் யோசித்திருந்தேன். "நீங்க பேப்பருக்கு விளக்கம் சொல்ற நேரம் என்ட புள்ளைகள் பின்னால வந்து இரிக்கட்டும். நீங்க வாசிக்கிறதைக் கேக்கட்டும், போட்ல எழுதுறதைப் பாக்கட்டும். தாள் உங்கட புள்ளைகள்ட கையிலயே இரிக்கட்டும்."

"எங்க இரிக்கிற? என்ட கிளாஸ்ல இடமில்ல."

"கதிரையோட வருவாங்க."

"சத்தம் போடுவாங்க."

"நான் பின்னால நிப்பன்."

"நீங்க எழுதி எடுக்க ஏலா."

"பேனை கொண்டு வர மாட்டன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்துப் பதினைஞ்சு வருசமா கேட்டாக்கள் எல்லாரும் பேப்பரைத்தான் கேட்டாங்க" என்றார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாடவேளை, எந்தக் கிழமை என்று கேட்டார்.

வாசலில் செருப்பைப் போடும்போது, "புள்ளையிட்ட அதைக் கேட்டது என்ட பிழை. உங்கட பொருளைக் கேட்டதுக்கு மன்னிச்சு ஹலாலாக்கிருங்க டீச்சர்" என்றேன்.

"என்ட பொருளுக்கு நான் ஹலாலாக்கிட்டன். புள்ளைட மனசை அந்தப் புள்ளையிட்டக் கேளுங்க" என்றார். "நானும் கேக்கோணும்."

மறுநாள் காலையில் படங்களை மாட்டி முடித்ததும் அவர் என் மகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். "உம்மாக்கு முன்னால வெச்சு எழுதலாமாம். நான் சாப்பிடாம இரிந்தது தெரிஞ்சிருந்தா ஏசியிருப்பாவாம்." அதற்கு மேல் என்ன கேட்டார் என்று அவள் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

அந்தக் கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விறாந்தையால் போனார்கள். ஏ பிரிவுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "கல்யாண வீட்டுக்கு வாறாங்க" என்று ஒருவன் சொன்னான். மூத்த ஆசிரியை மேசையில் ஒரு தட்டுத் தட்டியதும் அடங்கினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர் ஒரு கேள்வியை வாசிப்பார், பிள்ளையை யோசிக்கவிடுவார், பிழையான விடை வந்தால் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று திரும்பப் போய்க் காட்டுவார். நான் பல வருடம் படிப்பித்தவள். இந்த விதமாக ஒரு கேள்வியைப் பிரித்துக் காட்டலாம் என்று எனக்குத் தெரியாது. முதல் பக்கம் முடிந்ததும் அவர் நிறுத்தினார். பின்வரிசையைப் பார்த்து, "இப்ப என்ன செய்யோணும்?" என்று கேட்டார். கையில் தாளே இல்லாத என் பிள்ளைகள் வெறும் கையைக் காற்றில் திருப்பிக் காட்டினார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கினார்.

பரீட்சை வரை அது நடந்தது. பெறுபேறு வந்தபோது பீ பிரிவில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் இரண்டு பேர்தான். கருவாடு காயவைத்த அந்தத் தாயின் மகன் அதில் இல்லை. அவரை வீதியில் கண்டபோது நான்தான் முதலில் தலையைக் குனிந்தேன். மூத்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போகும்வரை ஒரு தாளும் எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது படங்களையும் கொண்டு போனார். அவரைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் நான் சேர்ந்து பேசுவதில்லை. அவர் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். கதிரையோடு பிள்ளைகளை அனுப்பும் யோசனை முதல் மாதமே எனக்கு வந்திருந்தால் என்று சில நேரம் நினைப்பதுண்டு. மகள் கையால் மறைத்த அந்தத் தாளுக்கு அப்போது இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

முதல் நாள் கூட்டு வகுப்பு முடிந்த அன்று பின்னேரம், மகள் புத்தகப் பையைத் திறந்து வினாத்தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்தாள். நான் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

"மகள், நான் உங்களுக்கிட்ட அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுருங்க."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி உம்மா. இப்ப கதைக்காதீங்க. நேரம் பாத்து எழுதுறன்."

கதைக்காமல் இருந்தேன். தாள் எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. நான் அவளுடைய தலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதல் பக்கத்தை முடித்து, தாளைத் திருப்பி வைத்து, மறைக்காமலே எழுதிக்கொண்டு போனாள்.